கிளித்தட்டு தெரியாத கம்ப்யூட்டர்

“ஒனக்கு இது விளங்காது புள்ள” என்று என் கணவர் அறைக்குள் வைத்துச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அவர் சொன்னது சஹனில் இருந்துகொண்டு.

எங்கள் கல்முனைக்குடியில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். ஆகவே அது என் வீடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால் வாப்பாவும் தம்பியும் அவரும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். உம்மா நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்துப் பார்த்து மருமகன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். நான் தயிர்ச் சட்டியோடு நின்றேன். அவரோ என் தம்பியிடம் தன் கம்ப்யூட்டர் யுத்தத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். பழைய ராஜாக்கள் காலத்துச் சண்டை விளையாட்டு அது. எதிரிப் படை குன்றின் மேல் நிற்கும். அதை நடத்துவது மனிதன் இல்லை, ஏஐ. இவர் ஏறுவார், சாவார், திரும்பவும் ஏறுவார்.

“நேரா ஏறாம, அதக் கீழ இறக்கிப் பாத்தா என்ன?” என்று கேட்டேன். அதற்குத்தான் அந்த ‘விளங்காது’. தம்பி சிரித்தான். வாப்பா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். சட்டியைக் கீழே வைத்தேன். “அந்தச் சண்டைய அடுத்த வெள்ளிக்குள்ள நான் வெண்டுட்டா, இதே சஹன்ல இருந்து, இவங்க எல்லாருக்கும் முன்னால, ‘விளங்காதது எனக்குத்தான்’ எண்டு நீங்க சொல்லுவீங்களா?”

“ஓம், சொல்றன்” என்றார் மிக லேசாக. “தோத்தா?”

“தோத்தா ஒங்கட விளையாட்டப் பத்தி இனி வாயே திறக்கமாட்டன்.”

வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். உம்மா “சாப்பிடுற நேரத்துல என்ன புள்ள இது” என்றார்.

அவர் விளையாடும்போது பக்கத்தில் இருந்து துணி மடிக்கிறவள் நான். கை மடிக்கும், கண் திரையில்தான் இருக்கும். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தச் சண்டையை ஆக்கியவர்கள் கெட்டிக்காரர்கள். ஓடின குதிரை களைக்கும். சேற்றில் இறங்கின படை ஊர்ந்துதான் போகும். மேட்டில் நிற்பவனின் அம்பு தூரம் போகும், ஏறி வருபவனின் மூச்சு வாங்கும். ஏஐயும் சில விசயங்களில் மனிதனை விடத் திறம். அதற்குப் பதற்றம் இல்லை, ரோசம் இல்லை. குதிரை வந்தால் ஈட்டிக்காரர்களை முன்னால் விடும். களைத்த படை எது என்று கண்டுபிடித்து அதையே அடிக்கும். என் கணவர் தோற்றது சும்மா இல்லை.

ஆனால் அதற்கு ஒரு வியாதி இருந்தது. ஒரு குதிரைக் கூட்டம் ஓரமாகப் போய்ச் சீண்டினால் போதும், மொத்தப் படையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துரத்தும்.

சின்ன வயதில் நாங்கள் கடற்கரை மணலில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவோம். கோட்டைக் காத்து நிற்பவளை ஒருத்தி நுழைவது போலச் சீண்டி ஒரு பக்கம் இழுப்பாள். மற்றவள் மறுபக்கத்தால் நுழைந்துவிடுவாள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு தரம் ஏமாறுவார்கள். அடுத்த தரம் எவ்வளவு சீண்டினாலும் கோட்டை விட்டு அசையமாட்டார்கள். இந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தரமும் புதிதாக ஏமாந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மடிக்கணினியின் முன் இருந்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். முதல் ஆட்டத்தில் மானம் போயிற்று. சீண்டப் போன என் குதிரைகளைக் குறுக்கு வழி என்று சேற்று நிலத்தால் திருப்பிவிட்டேன். வயல் பக்கத்தில் வளர்ந்தவள் செய்கிற வேலையா அது? குதிரைகள் புதைந்து நின்றன, ஈட்டிக்காரர்கள் வந்து முடித்துவிட்டார்கள்.

திரும்பவும் ஆட்டத்தைத் தொடங்கினேன். இந்த முறை குதிரைகள் காய்ந்த தரையால் சுற்றி ஓடின. எதிரிப் படை அவற்றைப் பிடிக்க நேர்வழி பார்த்துச் சேற்றுக்குள் இறங்கியது. யார் மேட்டை விட்டு இறங்கச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, அதுவாகவே இறங்கியது. வெறுமையாகக் கிடந்த குன்றின் மேல் என் வில்லாளர்கள் பின்பக்கத்தால் ஏறினார்கள். அதற்குப் பிறகு நடந்தது சண்டை என்று சொல்லக் கூடாது. சேற்றில் இருந்து ஒருவனும் திரும்பிப் போகவில்லை, ஏனென்றால் அந்த ஏஐக்குத் திரும்பிப் போகவே தெரியாது. வெற்றி என்று திரையில் வந்ததும் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

“இன்னொரு தரம் செஞ்சி காட்டு” என்றார். காட்டினேன். கதவு நிலையை விட்டு விலகி வெளியே போய்விட்டார்.

வெள்ளி வந்தது. சஹன் வைத்தாயிற்று. அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். தம்பிக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் மறந்துவிட்டான் போல. சோறு பாதியாகக் குறைந்தது. மறந்தது போல இருந்துவிட்டால் முடிந்தது, யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை. மருமகனை மாமனார் வீட்டில் யார் கேட்பார்கள்? நானும் கேட்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு தயிர்ச் சட்டியோடு நின்றேன்.

அவர் கையைச் சோற்றில் இருந்து எடுத்தார். “மாமா, போன கிழமை இவக்கு விளங்காது எண்டு சொன்னன். விளங்காதது எனக்குத்தான். நான் ஏறி ஏறிச் செத்தன். இவ கீழ நிண்டே அத இறக்கிட்டா.”

தம்பி விடுவானா? எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். “அப்ப மச்சான், நீங்க தோத்தது கம்ப்யூட்டர்ட்டயா, தாத்தாட்டயா?”

“கம்ப்யூட்டர்ட்டத் தோத்தன் எண்டு சொல்ல வெக்கமா இரிக்கி. ஒண்ட தாத்தாட்டத் தோத்தன் எண்டு கல்முனை பஸார்ல நிண்டும் சொல்லுவன்.”

வாப்பா சிரித்தார். உம்மா மருமகன் பக்கம் தள்ளப் போன இறைச்சித் துண்டை எடுத்து, எனக்கென்று மூடி வைத்திருந்த பீங்கான் தட்டில் போட்டார்.