உச்சிப்புளியில் நீலமும் நரியும்

காலை பத்து மணி பத்து நிமிடம். உச்சிப்புளிக் கடைத்தெருவில் உரக்கடையை ஒட்டியிருந்த பிரவுசிங் சென்டரின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது மூலைக் கணினியின் திரை. குப்பைத்தொட்டிப் படத்தைத் தவிர அதில் இரண்டே படங்கள் இருந்தன. ஒன்று நீல நிற எழுத்து. மற்றது, பூமி உருண்டையைச் சுற்றிப் படுத்திருக்கும் நரி. மதினி நீலத்தைத் திறந்து முகவரிப் பட்டையில் ஏதோ தட்டினார். பக்கம் முழுதாக வருவதற்குள் அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினார். லைன் வருகிறதா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

அது 2007. நான் ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழின் நிருபர். இணைப்பிதழுக்குப் பொறுப்பாக இருந்தவர், இணையம் பார்க்க எந்த பிரவுசர் நல்லது, அன்றாட வேலைக்கு எது தோது என்று ஒப்பிட்டு ஒரு கட்டுரை கேட்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலச் செய்தி, கண்மாய் உடைப்புச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவனுக்கு அது புதுத் துறை. எனக்குத் தெரிந்து, திரையில் இருந்த அந்த இரண்டு பிரவுசர்களையும் நாள் முழுக்கப் பழகியவர் மதினி ஒருவர்தான். என் பெரிய அண்ணனின் மனைவி. அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். உள்ளடங்கிய ஒரு மிளகாய்க் கிராமத்தில் பிறந்து, அந்த ஊரிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போன பெண்களில் ஒருவரான மதினி இந்த சென்டரை நடத்திக்கொண்டிருந்தார்.

அங்கே வருகிறவர்கள் யாரும் பிரவுசர்களின் முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நீலம், நரி, அவ்வளவுதான். டீக்கடையில் சீனியா, கருப்பட்டியா என்று கேட்கிற மாதிரி, ஆள் வந்து உட்கார்ந்ததும் "நீலத்துல தொறக்கவா, நரியிலயா?" என்று மதினி கேட்பார். பெரும்பாலும் வந்தவருக்கு முன்னால் அவரே பதிலும் சொல்லிவிடுவார்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டே போனேன். ரயில் டிக்கெட் நீலத்தில்தான் ஒழுங்காகப் போட முடிந்தது. தேர்வு முடிவும் அப்படியே. எங்கள் நாளிதழின் இணையப் பக்கமே நரியில் படிக்க முடியாமல் கிடந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஆனால் நரியில் எத்தனை பக்கம் திறந்தாலும் ஒரே ஜன்னலுக்குள் அடங்கியது. கேட்காத விளம்பரங்கள் குதித்து வரவில்லை. மதினி நரியைக் கொண்டுவந்ததற்குக் காரணமே அதுதான். ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்குக் கோயில் நடைதிறப்பு நேரம் பார்த்துக் கொடுத்தபோது நீலத்தில் ஒரு படம் குதித்திருக்கிறது. மதினி முந்தானையை விரித்துத் திரையை மறைத்தாராம். தலைமையாசிரியர் எழுந்து நின்று, "கோயிலுக்கு நேர்லயே போய்க் கேட்டுக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். நரிக்கு இன்னொரு குணமும் இருந்தது. கரண்ட் போய் வந்தால், பார்த்துக்கொண்டிருந்த பக்கங்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது. மின்வெட்டு மிகுந்த எங்கள் மாவட்டத்துக்கு அது ஒன்றே போதும் என்று எழுதிவைத்தேன்.

கடைசியில் கேட்டேன். "மொத்தத்துல எது நல்லது மதினி?"

"யாருக்கு தம்பி?"

கட்டுரைக்கு அந்தக் கேள்வி உதவாது என்றேன். மதினி சிரித்துவிட்டு மூலைக் கணினியைக் காட்டினார். நீலத்தின் முகவரிப் பட்டையை ஒட்டியிருந்த அம்புக்குறியை அழுத்தினால், தட்டிய முகவரிகளெல்லாம் பட்டியலாக இறங்கும். யார் என்ன பார்த்தார்கள் என்று அடுத்து உட்காருபவருக்குத் தெரிந்துவிடும். நரியை மூடியதும் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி மதினி அமைத்திருந்தார்.

"அப்பப் பொது இடத்துக்கு நரிதானே நல்லது?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இங்கன அது செல்லாது தம்பி. அய்யாவோ அண்ணனோ வந்து பாக்கையில காலியா இருந்துச்சுன்னு வைங்க, என்னத்தடி மறைச்சேன்னுதான் முதல் கேள்வி வரும்."

காலையில் அவர் தட்டிக்கொண்டிருந்ததன் பொருள் அப்போதுதான் புரிந்தது. நீலத்தில் இருந்ததை முதலில் அழித்துவிட்டு, பிறகு அதில் வேறு முகவரிகளை நிரப்பியிருக்கிறார். கோயில், ரயில், கிரிக்கெட், பிளஸ் டூ மதிப்பெண், ஜாதகப் பொருத்தம். யார் பார்த்தாலும் சந்தேகம் வராத ஒரு பட்டியல்.

அன்றைக்கு அதை நிரப்பியது ஒரு பெண்ணுக்காக. மதினியின் பிறந்த ஊரில் நிலபுலமுள்ள மிளகாய் விவசாயி ஒருவரின் மகள் அவள். பிளஸ் டூ முடித்திருந்தாள். ஆவணியில் முறைமாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பதாக வீட்டில் பேச்சு. அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்து, முந்தின நாள் மாலை மதுரைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்தக் கல்லூரியின் பக்கம் நரியில் திறந்தாலும் 'அனுப்பு' என்ற பொத்தான் வரவில்லை. வேறு வழியில்லாமல் நீலத்தில் செய்தார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் ஆவணி வரைகூடப் பொறுக்க மாட்டார்கள் என்று மதினி சொன்னார். சென்டருக்கும் அதன்பிறகு அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் வரமாட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுடைய சித்தப்பா வந்தார். மொபெட்டின் பின்னால் காலிச் சாக்குகள் கட்டியிருந்தன. சந்தையில் மிளகாய் போட்டுவிட்டு வருகிறார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் போலத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

"என்னத்தா, நல்லா இருக்கியா? எங்க வீட்டுப் பிள்ளை எந்தப் பெட்டியில உக்காரும்?"

மதினி மூலையைக் காட்டினார். "வாங்கண்ணே. மோர் குடிக்கிறீகளா?"

"மோரு கெடக்கட்டும். அது என்ன பாக்குதுன்னு நான் பாக்கணுமே."

சித்தப்பா திரையில் நரிப் படத்தின் மேல் விரலை வைத்தார். மதினி அதைத் திறந்தார். அம்புக்குறியை அழுத்தினார். ஒன்றும் இறங்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு மதினியை. பக்கத்துக் கணினியில் ஒருவர் நீலத்தின் பட்டியலை இறக்கி முகவரி தேடிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார்.

"அவருக்கு எம்புட்டோ நிக்கிது. எங்க பிள்ளைக்கு மட்டும் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருக்கே? யாரு கழுவுனா?"

"அது நரிண்ணே. மூடுனா அதுவே அழிச்சுப்புடும்."

"நரிகிட்டயா எங்க பிள்ளைய விட்டு வச்சிருக்க?" என்றார். சிரிக்கவில்லை. "அந்த இன்னொண்ணத் தொற."

கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று கூரைக்கு மேலாகப் போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவே மதினி நீலத்தைத் திறந்தார். நீலத்தின் பட்டியல் இறங்கியது. சித்தப்பா ஒவ்வொன்றையும் மதினியை வாசிக்கச் சொன்னார். கோயில். ரயில். கிரிக்கெட்டுக்குப் புருவத்தை உயர்த்தினார். ஜாதகப் பொருத்தம் என்றதும் முகம் மாறியது.

"ஏலே, இதப் பார்றா!" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "வீட்டுல கேட்டா சொவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது. இங்கன வந்து மாப்பிள்ளைக்கும் தனக்கும் பொருத்தம் பாத்திருக்கா கழுதை!"

அதன்பிறகு மோரையும் வாங்கிக் குடித்தார். போகும்போது மதினியின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். மதினி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, தப்பித்தோம் என்றார்.

மறுநாள் காலையில் மீதிக் குறிப்புக்காக நான் சென்டரில் இருந்தபோது அந்தப் பெண் வந்தாள். அழுது முடித்த முகம். "அக்கா, எம் பேர்ல என்னத்த எழுதி வச்சீக?" என்று கேட்டாள். முந்தின நாள் சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையே கம்ப்யூட்டரில் பொருத்தம் பார்த்துவிட்டது, முழுச் சம்மதம், நாள் குறிக்கலாம் என்று. எங்கள் பக்கத்துப் பெண் பார்க்கும் முறையில் பெண் வாயால் சம்மதம் சொல்வதில்லை. ஏதாவது ஒரு குறிப்பைப் பெரியவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். காபி டம்ளரை எந்தக் கையால் கொடுத்தாள் என்பதிலிருந்துகூட. இந்த முறை குறிப்பு முகவரிப் பட்டையில் கிடைத்திருந்தது.

 மதினி ஷட்டரை இறக்கினார். "தம்பி, வண்டிய எடுங்க."

அந்த வீட்டு முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் ஓரமாக உட்கார்ந்து வெளுத்துப்போன சோடைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நெடியில் எனக்குத் தும்மல் வந்தது. மதினி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கல்லூரி, விண்ணப்பம், அழித்தது, நிரப்பியது. சித்தப்பா உள்ளேயிருந்து வந்து கத்தினார். கடையைக் கொளுத்திவிடுவேன் என்றார். "தலையில கை வச்சு வாழ்த்திட்டு வந்தேனடி உன்ன!" என்றார். தகப்பனார் கை வேலையை நிறுத்தவில்லை. தன் தம்பி ஓய்ந்ததும் மதினியிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப அந்தப் பொருத்தம், எம் மக பாத்ததில்ல?"

"இல்லய்யா. நான் தட்டுனது."

"அது தெரியாம, அவ சம்மதிச்சிட்டான்னு நான் சொல்லி அனுப்பிருக்கேன்." கையிலிருந்த சோடையைக் கூடையில் போட்டார். தம்பியைப் பார்த்தார். "நாள் பாக்க வேணாம்னு சொல்லிட்டு வா. இல்லாததச் சொல்லிக் கட்டிக் கொடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தன் கேக்கக் கூடாது."

படிப்புக்குச் சம்மதம் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு அந்தப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் இன்னும் பல மாதம் போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் இடம் போய்விட்டது. அடுத்த ஆண்டு சேர்ந்தாள். அதுவரை அந்த ஊர்ப் பெண்கள் யாரும் சென்டருக்கு வரவில்லை. பிற்பகல் நேரங்களில் மதினி காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து வண்ணக் கோலப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கட்டுரை இணைப்பிதழில் வந்தது. வேகம், எழுத்து, மின்வெட்டு, ரயில் டிக்கெட் எல்லாம் அதில் இருந்தன. இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது என்று முடித்திருந்தேன். மதினி அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார். நீலத்தை அழித்துவிட்டு நிரப்பும் பழக்கத்தை அவர் விடவில்லை. ஜாதகப் பொருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

2009 கோடையில் ராமேஸ்வரத்துக்கு ஒரு செய்திக்காகப் போகும் வழியில் சென்டரில் இறங்கினேன். ஷட்டர் முழுதாக ஏறியிருந்தது. ஜெராக்ஸ் மிஷின் ஒன்று வந்திருந்தது. நரி இப்போது தமிழை உடைக்காமல் காட்டியது. எங்கள் நாளிதழும் எழுத்துருவை மாற்றியிருந்தது. மூலைக் கணினித் திரையில் மூன்றாவதாக, பல வண்ண உருண்டை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதில் தனி ஜன்னல் ஒன்று உண்டு, எதையும் பதியாது என்று மதினி காட்டினார். யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன். ஆம்பளைகள் என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறாள். தேர்வு முடிவு பார்க்க வேண்டும் என்றாள். மதினி வழக்கம்போல, "எதுல தொறக்கட்டும்?" என்று கேட்டார். "நீலத்துலயே தொறங்கக்கா" என்றாள். தானே முகவரியைத் தட்டினாள். பார்த்தாள். பாஸ் என்று மதினியிடம் சொன்னாள். என்னிடம் தலையசைத்தாள். வாசலில் தகப்பனார் மொபெட்டை அணைக்காமல் காத்திருந்தார். ஏறிப் போய்விட்டாள்.

சென்டர் மூடும் வேளையில், ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் வழியில் மறுபடி இறங்கினேன். மூலைக் கணினியில் நீலம் திறந்தே கிடந்தது. மதினி அம்புக்குறியை அழுத்தினார். பட்டியல் இறங்கியது. முதல் வரியில் கல்லூரியின் முகவரி இருந்தது. மதினி அதை அழிக்காமல் கணினியை அணைத்தார்.