பள்ளத்தில் நட்ட பலகை

அந்த வக்கீலம்மாவுக்குக் கோர்ட் வளாகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. சேற்று வக்கீல். முதலில் எவனோ கேலிக்குத்தான் வைத்தான். அது காதில் விழுந்தபோது, "பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கேலிக்குச் சுருங்காதவளை எத்தனை நாள்தான் கேலி செய்வது? போகப் போக அந்தப் பெயரே மரியாதையாக ஒட்டிக்கொண்டது.

அவள் நகராட்சிக்காக வழக்காடுகிறவள். தனி ஆட்களின் கேஸை எடுக்கமாட்டாள். எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது, எந்தப் பட்டறையின் கழிவு எந்த ஓடையில் கலக்கிறது, எந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறது, இப்படி மண்ணும் தண்ணீருமான சங்கதிகள்தான் அவளுக்குப் பிழைப்பு. மற்ற வக்கீல்கள் ஃபைலைப் படித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவார்கள். அவள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் அந்த இடத்துக்குப் போவாள். கார் டிக்கியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் எப்போதும் கிடக்கும். காய்ந்த சேறு உதிர்ந்து உதிர்ந்து அந்த டிக்கியில் விதை போட்டால் முளைக்கும் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளைப் பெற்றவரைத்தான் சொல்ல வேண்டும். அவர் ரோடு ரோலர் ஓட்டியவர், பொழுதெல்லாம் மண்ணிலேயே நின்றவர். அவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவளை அவர்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அந்த அத்தானுக்கு மண் லாரிகள் ஓடின. நல்ல மனுஷன், உழைப்பாளி. வாய் மட்டும் பிரேக் இல்லாத வண்டி. இவள் சட்டப் படிப்புப் பரீட்சைக்குப் போகவேண்டிய ஒருநாள் பஸ் ஓடவில்லை. அத்தான்தான் மண் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர்தான். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி, "நான் அன்னிக்கி ஏத்திக்கிட்டுப் போகலைன்னா இவ ஏது வக்கீலு?" என்று நாலு பேர் முன்னால் சொல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார்.

இப்படி இருக்கையில்தான் பள்ளத்து வழக்கு வந்தது.

ஊரின் தெற்கு ஓரத்தில் ஒரு பள்ளம். ஆள் உயரப் புல்லும், காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும் கறுப்புச் சேறுமாகக் கிடக்கும். மேட்டுத் தெருக்களில் பெய்கிற மழையெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்து, இளைப்பாறி, பிறகுதான் ஆற்றுக்குப் போகும். பள்ளத்துக்குப் பின்னால் சின்னச் சின்ன வீடுகளாக ஒரு தெரு. ஒரு கம்பெனி அந்தப் பள்ளத்தை வாங்கி, மண் அடித்து மேடாக்கி, பெரிய சரக்குக் கிடங்கு கட்ட மனு போட்டது. பள்ளம் மேடானால் தண்ணீர் அந்த வீடுகளுக்குள்தான் போகும். நகராட்சி அனுமதி மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அந்த மறுப்பு உத்தரவைக் காப்பாற்றுவது இவள் பொறுப்பு. அது விழுந்தால் பின் தெரு முழுகும்.

ஃபைலைப் பிரித்ததுமே அவள் கமிஷனர் அறைக்குப் போனாள். கமிஷனர் பளபளப்பான ஷூ போடுகிறவர், சட்டையில் ஒரு சுருக்கம் பொறுக்கமாட்டார்.

"சார், இதுல மண் அடிக்க ஒப்பந்தம் எடுத்திருக்கறது எங்க அத்தான். அக்கா வீட்டுக்காரர். நான் இந்தக் கேஸை நடத்தலாமான்னு நீங்க முடிவு பண்ணணும்."

"அத்தானுக்கு எதிரா வாதாடறதுல உங்களுக்கு ஏதாவது சங்கடமா?"

"சங்கடமா? அந்த லாரிக் கதையைக் கேக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து காத்துக்கிட்டிருக்கேன் சார்."

கமிஷனர் சிரித்துவிட்டார். அந்த உறவைக் கோர்ட்டிலும் எதிர்த் தரப்பிடமும் எழுதித் தெரிவித்துவிட்டுக் கேஸை அவளிடமே விட்டார்.

கம்பெனி வக்கீலின் வாதத்தில் ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. 'நகராட்சி கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டது. பின் தெருவிலிருந்து ஒருவர்கூட வந்து ஆட்சேபணை சொல்லவில்லை. அவர்களுக்கே இல்லாத பயம் நகராட்சிக்கு எதற்கு?' நியாயமான கேள்விதான். தண்ணீர் தன் வீட்டுக்குள் வரப்போகிறது என்று தெரிந்தால் எவன் சும்மா இருப்பான்?

பூட்ஸை மாட்டிக்கொண்டு, நகராட்சியின் இட ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் போனாள். தார் ரோட்டோரம் ஒரு மேட்டில், மரத்தடியில், அறிவிப்புப் பலகை கம்பீரமாக நின்றது. இன்ன இடத்தில் இன்னது கட்டப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் இன்ன நாளில் வந்து சொல்லுங்கள் என்று அழகான எழுத்து.

அவள் வரைபடத்தைப் பிரித்தாள், மடக்கினாள், திரும்பவும் பிரித்தாள்.

"சார், இந்த மேடு யாருது?"

"இது... பக்கத்துல செங்கல் அடுக்கி வெச்சிருக்காரே, அவருது மேடம்."

"அப்ப நம்ம பள்ளம்?"

ஆய்வாளர் தாடையால் தூரத்தைக் காட்டினார். "அதோ, அந்தப் புல்லுக்கு அந்தப் பக்கம்."

"பலகை அந்த நிலத்துலதானே இருக்கணும்? அதுவும் வீடுங்க இருக்கற பக்கம் பாத்து?"

"ஜீப் இதுக்கு மேல போகாதே மேடம்!"

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு நடைமுறை ஊறிப் போயிருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் தப்பென்று நினைத்ததும் இல்லை. ஜீப் நிற்கிற இடத்தில் பலகை நிற்கும். ஊரெல்லாம் அவர்கள் வைத்த பலகைகளைப் பார்த்தால், வண்டியைத் திருப்ப வசதியான இடங்களை அடையாளம் காட்டுவதற்கென்றே நட்ட மாதிரி இருக்கும்.

அவள் புல்லை விலக்கிக்கொண்டு பள்ளத்தைக் கடந்து பின் தெருவுக்கே போய்விட்டாள். வாசலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் கேட்டாள்.

"பலகையா? என்ன பலகை? அந்தப் பக்கம் எங்களுக்கு என்னம்மா வேலை?"

மறுப்பு உத்தரவுக்கு அடியில் இருந்த கல்லே ஆடுகிறது என்று அங்கேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கமிஷனரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"எதிர் வக்கீலுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அவர் அந்த இடத்துக்கே போனதில்லை."

"அப்புறம் என்னம்மா? நாம ஏன் வாயைத் திறக்கணும்?"

"முறைப்படி பலகை வெச்சோம்னு ஜட்ஜ் முன்னாடி நான் சொல்லியாகணும் சார். தெரிஞ்சுக்கிட்டே அதை நான் சொல்லமாட்டேன். அதுவுமில்லாம இன்னிக்கி தெரியாதது மேல்கோர்ட்டுல தெரியும். அதுக்குள்ள நீங்க ரிட்டையர் ஆயிருப்பீங்க. தண்ணி மட்டும் அந்தத் தெருவுல நிக்கும்."

"ஒத்துக்கிட்டா உத்தரவு ஒடைஞ்சிடுமே!"

"ஒடையட்டும். நாமே ஒடைச்சு, நாமே திரும்பக் கட்டுவோம்."

"அதுக்குள்ள கெடு தாண்டிடும். கெடுவுக்குள்ள நகராட்சி பதில் சொல்லலைன்னா அனுமதி கொடுத்த மாதிரிதான்னு சட்டமே இருக்கு. எனக்கே தெரியும். ஊரே சிரிக்கும்."

அதற்குத் தன்னிடம் பதில் இருக்கிறதென்று அவள் விளக்கினாள். அவர் பாதிதான் நம்பினார். காகிதத்தை மேஜையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"சரி சார். முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை வந்து பாருங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

மறுநாள் காலையில் வந்தார். அதே ஷூவோடு வந்தார். "பூட்ஸ் தரேன் சார்" என்றதற்கு, "பரவால்லை, ஓரமா நடந்துக்கறேன்" என்றார். பள்ளத்தில் ஓரம் ஏது? நாலு எட்டு வைத்ததும், சேறு ஆழமான ஓர் இடத்தில் வலது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. ஆய்வாளரும் வக்கீலும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது. ஷூ வரவில்லை. குனிந்து கையை விட்டுத் துழாவினார்கள், கம்பு வைத்துக் கிண்டினார்கள். சேறு ஒரு குமிழி விட்டுவிட்டு மூடிக்கொண்டது.

கமிஷனர் ஒற்றை ஷூவோடு நின்று அந்த இடத்தையே பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தார். ஒரு வீட்டு மாடியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுமேலயா கிடங்கு கட்டப் போறாங்க?"

"ஆமா சார்."

"போய் ஒத்துக்குங்க" என்றார், ஒற்றை ஷூவோடு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

கோர்ட்டில் இவள் எழுந்து நின்று, எங்கள் பலகை தப்பான நிலத்தில் இருந்தது, அந்தக் கூட்டம் செல்லாது, உத்தரவை நாங்களே திரும்பப் பெறுகிறோம் என்று சொன்னபோது, கம்பெனி வக்கீல் தன் காதையே நம்பவில்லை. நகராட்சி தானாக ஒரு தப்பை ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததே இல்லை. சுதாரித்ததும் எகிறிக் குதித்தார்.

"ரொம்ப சந்தோஷம் ஐயா! உத்தரவு இல்லை. கெடுவும் முடிஞ்சுது. அப்ப எங்களுக்கு அனுமதி கிடைச்ச மாதிரிதான்!"

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இவளைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"கெடு எந்த நாள்ல இருந்து ஓடும்னு விதியைக் கொஞ்சம் படிக்கணும் ஐயா. மனு போட்ட நாள்ல இருந்து இல்லை. நிலத்துல பலகை நட்ட நாள்ல இருந்து. நாங்கதான் அந்த நிலத்துல பலகையே நடலையே. ஆரம்பிக்காத கெடு எப்படி முடியும்?"

ஜட்ஜ் படித்தார். எதிர் வக்கீலும் படித்தார். எந்தத் தப்பு உத்தரவை உடைத்ததோ, அதே தப்பு கெடுவையும் கட்டிப்போட்டிருந்தது. பலகையை முறையாக நடுங்கள், கூட்டத்தை மறுபடி போடுங்கள், அதுவரை அங்கே ஒரு கூடை மண் விழக்கூடாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

பலகையைப் பள்ளத்துக்குள் நட்டது பெரிய கூத்து. ஆய்வாளர் இவளுடைய பூட்ஸைக் கடன் வாங்கிக்கொண்டு இறங்கினார். அளவு சின்னது. நொண்டி நொண்டி, திட்டிக்கொண்டே, கொஞ்சம் சாய்வாகத்தான் நட்டார். ஆனால் வீடுகளைப் பார்த்த மாதிரி நட்டார்.

முதல் கூட்டத்தில் காலியாகக் கிடந்த மண்டபத்தில் இந்தத் தடவை நிற்க இடமில்லை. பின் தெருவே திரண்டு வந்திருந்தது. தையல்கார அம்மாள்தான் முதலில் பேசினாள். பள்ளம் நிரம்பினால் தண்ணீர் தன் வாசல்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும் என்றும், பள்ளம் இல்லையென்றால் அது திரும்பிப் போக வழியே இல்லை என்றும் சொன்னாள். இன்னொருவர் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்திய கதையைச் சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் அத்தானைக் கூட்டி வந்திருந்தார்கள், மண் அடிப்பது சுலபம் என்று சொல்வதற்கு. அக்காவும் கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர் என்பதால் வக்கீல் அவரிடம் எதுவும் கேட்கப்போவதில்லை என்று முன்னமே சொல்லிவிட்டு, பேனாவை மூடி வைத்துக்கொண்டாள்.

அத்தான் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைக் கண்டால் அவருக்கு உற்சாகம் தாங்காது.

"எத்தனை லோடு வேணும்னாலும் என் லாரி அடிக்கும்! அந்தப் பள்ளம் என்னய்யா பெரிய பள்ளம்? போன மாசம் ஓரத்துல கொட்டிப் பாத்தேனே. மறுநாள் போய்ப் பாத்தா மண்ணைக் காணோம், முழுங்கிடுச்சு! விடுவேனா? திரும்பக் கொட்டினேன். அதையும் முழுங்கிடுச்சு. முழுங்கட்டும்! எத்தனைதான் முழுங்கும்னு நானும் பாக்கறேன்!"

கம்பெனி வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அத்தான் கையைத் தட்டிவிட்டார். கம்பெனி கொடுத்த அறிக்கையில், அடியில் கெட்டியான தரை இருக்கிறது என்று அவர்களுடைய இன்ஜினீயர் எழுதியிருந்தார்.

கமிஷனர் மெதுவாகக் கேட்டார். "போன மாசமா? ஒரு கூடை மண் விழக்கூடாதுன்னு கோர்ட் சொன்னதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

அத்தானுக்கு அப்போதுதான் வாய் நின்றது. "முன்னாடிதாங்க" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"அனுமதி இல்லாம?"

"...சும்மா, ஒரு பரீட்சைக்கு."

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். வெளியே வரும்போது, "உங்க வாய்க்கு ஒரு கதவு போடக்கூடாதா?" என்று அவள் கேட்டது தெருமுனை வரை கேட்டது.

இரண்டாவது மறுப்பு உத்தரவு முதலாவதைப் போல ஒல்லியாக இல்லை. தெருக்காரர்கள் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. அத்தானின் வாக்குமூலம் ஒரு வார்த்தை குறையாமல் இருந்தது. கம்பெனி மறுபடி கோர்ட்டுக்குப் போனது. ஜட்ஜ் 'முழுங்கிடுச்சு' என்ற இடத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்ந்தாராம். மனு தள்ளுபடி. கம்பெனி வடக்கே காய்ந்த தரை ஒன்றைப் பார்த்துக்கொண்டு போனது. அங்கேயும் மண் வேலை அத்தானுக்கே கிடைத்தது என்பதால் குடும்பத்தில் பெரிய விரிசல் ஒன்றும் விழவில்லை.

அந்த மழைக்காலத்தில் பள்ளம் நிரம்பி வழிந்தது. பலகையின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்றது. தண்ணீர் தையல்கார அம்மாளின் வாசல்படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போதும் போலத் திரும்பிப் போனது. நகராட்சி ஜீப்புகளில் இப்போது ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ் வைத்திருக்கிறார்கள், எல்லா அளவிலும். கமிஷனர் உத்தரவு.

அடுத்த குடும்ப விசேஷத்தில் அத்தான் வழக்கம்போல இலைக்கு முன்னால் உட்காருவதற்குள் ஆரம்பித்தார். "நான் அன்னிக்கி ஏத்திக்கிட்டுப் போகலைன்னா இவ ஏது வக்கீலு?"

"வாஸ்தவம்தான் அத்தான்" என்றாள் அவள், அவருக்குப் பரிமாறிக்கொண்டே. "நீங்க அன்னிக்கி பேசலைன்னா எனக்கு ஏது தீர்ப்பு?"

அக்காதான் முதலில் சிரித்தாள். அத்தான் வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், சோற்றைப் பிசையத் தொடங்கினார்.