இத்தாலி மலையடியில் நான் குனிந்த நேரம்

பாரிஸின் லா சப்பலில் கடை வைத்திருக்கும் நானும் மனைவியின் தம்பி ரவியும் கோடையில் இத்தாலிக்குச் சைக்கிள் ஓட்டப் போனோம். மலையடிவாரச் சாலையில் ஒரு காரும் இல்லை. அந்த அமைதி பிடித்திருந்தது, ஒரு வளைவில் ஆட்டுமந்தை வழியை மறிக்கும்வரை. மந்தைக்குள்ளிருந்து மூன்று பெரிய வெள்ளை நாய்கள் குரைக்காமல் எழுந்து வந்தன.

“கல்லெடுக்கிற மாதிரிக் குனியுங்கோ அத்தான், ஓடிடும்,” என்றான் ரவி. ஊரில் எந்த நாயும் அதற்கே ஓடிவிடும். குனிந்தேன்.

அவை ஓடவில்லை. உறுமியபடி எங்களைச் சுற்றி வளைத்தன. ஒன்றின் மூச்சு என் முழங்காலில் சுட்டது. மேட்டிலிருந்து இடையர் சீழ்க்கையடித்து அவற்றை அழைத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

மந்தை காக்கும் நாய், குனிபவனை ஆட்டுக்கு வந்த எதிரியாகவே பார்க்குமாம். இப்போது மந்தையைக் கண்டால் தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை எனக்கும் நாய்களுக்கும் நடுவில் பிடித்தபடி மெல்ல நடக்கிறேன். சப்பாத்து லேஸ் அவிழ்ந்தாலும் குனிவதில்லை.