ஓசியில் வந்த பால் டப்பா

ஓசியில் எது கிடைத்தாலும் எனக்கு இன்றைக்கும் பகீரென்றிருக்கும். காரணம் ஒரு பால்பவுடர் டப்பா.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் என் மூத்த பெண் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மறுநாள் வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி வார்டுக்குள் வந்தாள். நர்ஸ் என்றுதான் நினைத்தேன். பவுடர் கம்பெனி ஆள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. "சீமைப் பவுடரும்மா, குழந்தை குண்டா வளரும்" என்று ஆளுக்கொரு டப்பா கொடுத்தாள். விடுவேனா? முதலில் கை நீட்டியது நான்தான்.

வசதியாகத்தான் இருந்தது. பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஒரகடத்துக் கழனியில் நடவுக்கு இறங்கினேன். டப்பா தீர்ந்தபோது என் பாலும் வற்றிப்போயிருந்தது. பூண்டு தின்றேன், பால்சுறா தின்றேன். ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஆறு ஸ்பூன் போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டேன். கரைத்தது ஏரித் தண்ணீரில். எலெக்ஷனுக்கு முன்னால் வந்த கைப்பம்பு பெரிய தெருவோடு நின்றுவிட்டது, எங்கள் காலனிக்கு வரவில்லை. காய்ச்சலாம் என்றால் விறகு சோற்றுக்கே போதவில்லை.

பெரிய தெருவில் பிரசிடென்ட் பேரனுக்கும் அதே டப்பாதான். அவன் கொழுகொழுவென்று இருந்தான். என் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. "அதே பாலுதான குடிக்கிற, உனுக்கு மட்டும் இன்னாடி கேடு?" என்று பச்சைப் பிள்ளையைத் திட்டினேன். பாவி நான்.

கண் குழி விழுந்த பிறகுதான் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எத்தனை ஸ்பூன் போடுற?" என்றார் டாக்டர்.

"ஆறு சார்."

"தண்ணி?"

"காய்ச்சிதான் சார்."

பாலுக்கு வக்கில்லாதவள் என்று நினைத்துவிடுவாரே என்ற வெட்கம். பால் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மருந்து கொடுத்து அனுப்பினார். வழியெல்லாம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. மூன்றாம் நாள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அதே வார்டில் பையன் பிறந்தான். மறுபடியும் ஒரு வெள்ளைப் புடவை, கையில் டப்பா. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம்!

"எடுத்துக்கினு போடி! வூட்டாண்ட வந்து நல்ல தண்ணி குடுப்பியா? பாலு வத்துனா நீ வந்து குடுப்பியா?"

நர்ஸ் என்னைத்தான் அதட்டினாள்.

பக்கத்துக் கட்டில்காரிக்கு அது முதல் பிள்ளை. "யக்கா, உனுக்கு வேணான்னா எனுக்குக் குடுக்கச் சொல்லேன்" என்றாள்.

"உங்க தெருவுல கைப்பம்பு கீதா?"

"இல்லக்கா. ஏரித் தண்ணிதான்."

என் பெண் செத்த கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் ஐயோ ஐயோ என்று கேட்டுக்கொண்டே டப்பாவை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், நான் எங்கே பிடுங்கிவிடுவேனோ என்று.