இரண்டாம் முறை சீவப்பட்ட இயந்திரம்

என் தங்கையின் கணவருக்குப் பாகம் பிரியும் காலம் நெருங்கியிருந்தது. சவ்வாது மலையின் அடிவாரத்தில், செங்கம் பக்கத்து ஊர் அவர்களுடையது. அண்ணன் தம்பி இருவரே; இவர் இளையவர். கிணற்றோடு கூடிய புளியந்தோப்பு ஒன்றும் பழைய லாரி ஒன்றும் பொதுவில் இருந்தன. சாமை அறுவடை முடிந்தபின் பிரித்துக்கொள்வது என்று பேச்சு. தோப்பில் பாதி கைக்கு வந்தால்தான் என் தங்கைக்குத் தனி அடுப்பு வாய்க்கும். அதுவரை அவள் மூத்தவர் வீட்டுச் சமையற்கட்டில் எல்லோருக்கும் பரிமாறி, எஞ்சியதை உண்டு வந்தாள்.

லாரியின் தொழில் வேறெங்கும் காணாதது. சாமை குத்தும் இயந்திரத்தைச் சக்கரங்கள் மீது பொருத்தி, லாரியின் பின்னே கொக்கியில் மாட்டி, மலைமேல் உள்ள நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர்களுக்கு இழுத்துச் செல்வார்கள். மலைக்குடியினர் தானியத்தைக் கீழே சுமந்து வரவேண்டியதில்லை. அவரவர் களத்திலேயே உமி நீங்கிவிடும். ஓட்டுபவர் தங்கையின் கணவரான என் மாப்பிள்ளை. கூலியை வாங்குபவர் மூத்தவர்.

லாரி தேய்ந்திருந்தது. குளிர்ந்த காலைகளில் உயிர் பெறாது. ஏற்றத்தில் மூச்சிரைத்து முதல் கியரை விட்டு நகராது. நான் பணிக்காலம் முழுவதும் கல்லூரியில் வெப்ப இயந்திரவியல் கற்பித்தவன் என்பதால் மாப்பிள்ளை நான் வசிக்கும் போளூருக்கு வந்து என்னிடம் வழி கேட்டார்.

குறை காற்றின் அமுக்கத்தில் இருந்தது. அமுக்க விகிதம் எளிய கணக்குதான். பிஸ்டன் கீழே நிற்கையில் சிலிண்டர் என்னும் உருளைக்குள் இருக்கும் காற்று, பிஸ்டன் மேலேறியதும் எத்தனையில் ஒரு பங்காக ஒடுங்குகிறது என்பதே அது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. ஒடுங்கிய காற்றின் வெம்மையே எரிபொருளைப் பற்றவைக்கிறது. நன்கு ஒடுக்கினால் அதே டீசலிலிருந்து சற்றுக் கூடுதலான உழைப்பைப் பெறலாம். ஆனால் ஓர் அளவுக்குமேல் ஆதாயம் சுருங்கிக்கொண்டே போகும். இயந்திரத்தின் மீது விழும் அடியோ கூடிக்கொண்டே போகும். இதை விளக்கிவிட்டு, பிஸ்டன் வளையங்களை மாற்றுங்கள், உருளைக்கட்டையின் மேல்முகத்தை ஒரு தாளின் கனத்துக்குச் சீவி, அதற்கும் மேல்மூடிக்கும் இடையில் வைக்கும் கேஸ்கட்டை ஒரு படி மெலிதாகப் போட்டு ஒடுக்கத்தைச் சற்றே கூட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன்.

அப்படியே செய்தார். பலன் கண்கூடு. விடியற்குளிரில் சாவியைத் திருப்பியதும் லாரி உறுமியது. சாமை இயந்திர வண்டியை இழுத்துக்கொண்டே இரண்டாம் கியரில் மலையேறியது. முன்பெல்லாம் திரும்பும் வழியில் டீசல் தீர்ந்துவிடும். இப்போது தொட்டியில் மிச்சம் இருந்தது. மலை ஊர்களில் என் மாப்பிள்ளையைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்தான் மூத்தவருக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை சீவியதற்கே இவ்வளவு என்றால் மறுமுறை சீவினால் எவ்வளவு என்பது அவருடைய கணிதம். உரமிட்டதில் நெல் நன்றாக விளைந்தது என்று வயலுக்கு இரட்டிப்பாக உரம் கொட்டும் அதே கணிதம்.

மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் மூத்தவர் வெளியூர் ஓட்டுநர் ஒருவரைக் கூலிக்குப் பிடித்து லாரியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மீண்டும் சீவச் செய்தார். தம்பியிடம் எண்ணெய் மாற்றியதாக மட்டும் சொன்னார்.

அதற்கடுத்த பயணத்தில் நானும் லாரியின் ஓட்டுநர் அறையில் இருந்தேன். மலையில் ஒரு நண்பரைக் காணவேண்டி அவர்களோடு ஏறிக்கொண்டேன். காய்ச்சல் முழுதும் தணியாத மாப்பிள்ளை ஓட்டினார். நடுவில் மூத்தவர். வழக்கமான இயந்திர வண்டியோடு, லாரியின் மேல் செங்கற்களும் நிறைய ஏற்றியிருந்தார்கள். அது மூத்தவரின் தனி வரும்படி. ஏற்றம் தொடங்கியதும் லாரியின் இயந்திரத்துக்குள் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அமுக்கம் எல்லை மீறிய ஓசை அது என்று எனக்கும் விளங்கிவிட்டது. நிறுத்திப் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

“நிறுத்துனன்னா எறங்கி நடந்தே வூடு போய் சேரு. வண்டிய நான் ஓட்டிக்கறேன்.”

அப்படிச் சொன்ன மூத்தவருக்கு ஓட்டத் தெரியாது. அது தம்பிக்கும் தெரியும். ஆயினும் அவர் நிறுத்தவில்லை. ஒரு கொண்டையூசி வளைவில் வெண்புகை எழுந்தது, இயந்திரம் அடங்கியது. மூடியைத் திறந்தால் கேஸ்கட் ஓரம் நீர் கசிந்துகொண்டிருந்தது. நிலைமையை நான் எடுத்துரைத்தேன். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உருளைக்குள் இறங்கியிருக்கும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. இந்நிலையில் இயக்கினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு முறியும் என்றேன்.

மூத்தவர் நகைத்தார். “காலேஜ்ல தண்ணியப் பத்திக்கூட பாடம் நடத்துவீங்களா வாத்தியாரே?” என்றவர், தம்பியிடம் திரும்பி, “இழுவையக் கழட்டிட்டு வண்டிய பின்னால உருட்டி ஸ்டார்ட் பண்ணுடா” என்றார்.

மாப்பிள்ளை கொக்கியைக் கழற்றினார். சக்கரங்களுக்குக் கல் வைத்து இயந்திர வண்டியை ஓரம் கட்டினார். பிறகு லாரியைச் சரிவில் பின்னோக்கி உருளவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டார். விறகு பிளப்பது போன்ற ஒற்றை ஓசை. உருளைக்கட்டையின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து எண்ணெய் சாலையில் வழிந்தது.

கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று வந்தது. மூத்தவர் ஏறிக்கொண்டார், என்னையும் ஏறச் சொன்னார். சரக்குக்குக் காவல் வேண்டும் என்று தம்பியை அங்கேயே இருக்கச் செய்தார். மாப்பிள்ளைக்கு உடல் கொதித்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை அவரிடம் கொடுத்தேன். அதையும் ஜீப் கிளம்புமுன் மூத்தவர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வெறும் புட்டியாகத் திருப்பிக் கொடுத்தார்.

பாகம் பிரிக்கப் பங்காளிகள் கூடிய நாளில் நானும் அழைக்கப்பட்டேன். லாரியைக் கெடுத்தவன் ஓட்டியவனே, ஆகவே லாரியை ஓடும் வண்டியின் மதிப்புக்கு அவன் பாகமாக விட்டுவிட்டு, தோப்பைத் தாம் எடுத்துக்கொள்வதாக மூத்தவர் சொன்னார். இரண்டாம் முறை சீவியதால்தான் கேடு என்று நான் விளக்கினேன். பட்டறைக்காரரை அழைத்து வினவினார்கள். அவருக்கு மூத்தவரின் பம்புசெட்டு வேலைகள் ஆண்டு முழுவதும் உண்டு. வண்டி வந்தது, சீவினேன், கொண்டுவந்தவர் முகம் நினைவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ரெண்டாந்தரம் சீவுனது யாருன்னு கேக்கறாரு வாத்தியாரு,” என்றார் மூத்தவர், கூட்டத்தைப் பார்த்து. “மொதல்தரம் சீவச் சொன்னது யாருன்னு நான் கேக்கறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயிற்படியில் நின்ற என் தங்கையும் பார்த்தாள். முதற்சீவலுக்கும் இரண்டாம் சீவலுக்கும் உள்ள வேற்றுமையை மறுபடி எடுத்துச் சொல்ல முற்பட்டேன். உள்ளே இலை போட்டாயிற்று என்று யாரோ சொல்ல, மூத்தவர் சொன்னபடியே முடித்து எல்லோரும் எழுந்து போனார்கள். அன்று பரிமாறியவளும் என் தங்கையே. தன் கணவரின் நிலத்தைப் பறித்த வாய்களுக்கு அவள் இரண்டாம் முறை சோறு வைத்தாள்.

லாரியைக் காயலான் கடைக்காரர்கள் வெட்டி எடுத்துப் போனார்கள். தனி அடுப்பு என்ற பேச்சு அதன்பின் எழவில்லை.

இந்த ஆண்டு மூத்தவர் புது வண்டி வாங்கினார். டர்போ பொருத்தியது. அதற்கு ஓட்டுநர் என் மாப்பிள்ளை, மாதக் கூலிக்கு. சென்ற மாதம் தங்கையைக் காணச் சென்றபோது வண்டி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மூத்தவர் அதன் மூடியைத் தட்டிக் காட்டினார்.

“இதுல கம்ப்ரஷன் ஜாஸ்தி வாத்தியாரே. அதான் இப்டி இஸ்துகினு போவுது, டீசலும் குடிக்கறதில்ல.”

உண்மை அதற்கு நேர்மாறு. டர்போ காற்றை முன்னதாகவே திணித்து அனுப்புவதால், அழுத்தம் எல்லை மீறாதிருக்க, இத்தகைய இயந்திரங்களில் அமுக்க விகிதத்தைப் பழையவற்றைவிடக் குறைத்தே வைக்கிறார்கள். கூடுதலாக வரும் காற்றுக்கு ஏற்பக் கூடுதலாக டீசலை எரிக்க முடிவதால்தான் இழுவை மிகுகிறது. வண்டி வாங்கிய வாரமே இதை நான் மாப்பிள்ளைக்குச் சொல்லியிருந்தேன். மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு கேள்விகளும் கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள்.

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா, நான் சொல்றது சரிதான?”

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை.

“சரிதாங்கண்ணா,” என்றார். பிறகு குனிந்து, இயந்திர வண்டியின் கொக்கியை மாட்ட லாரியின் பின்னே போனார்.