கட்டுப் போட்டுக்கொண்ட ஆஞ்சநேயர்

ராஜபாளையத்தைப் பார்த்தபடி குன்றின் மேல் நிற்கும் ஆஞ்சநேயர் சிலையைக் கட்டிய இன்ஜினியர் நான். அதன் வரலாற்றில் கல்வெட்டு சொல்லாத சங்கதி ஒன்று உண்டு.

முகத்துக்கு சிமெண்ட் பூசி முடித்ததும், ஈரம் காயாமலிருக்கச் சாக்கு போர்த்தினோம். மலைக்காற்றில் அது நழுவிக்கொண்டே இருந்தது. மலையேறிச் சாமி கும்பிட வந்த முத்துமாரி அக்கா பேண்டேஜ் துணி நெய்கிறவர்.

"சார், எங்க துணியச் சுத்துங்க. ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்றார்.

"அது புண்ணுக்குக் கட்டுறதும்மா" என்று சிரித்தேன்.

மறுநாள் சாக்கு நழுவிய பக்கம் ஈரம் காய்ந்து, சாமியின் கன்னம் வெடித்திருந்தது. பூச்சைக் கொத்தியெடுத்து மறுபடி பூசச் சொல்லிவிட்டு, அக்காவின் தறிக்கூடத்துக்குப் போய்த் தலைகுனிந்து நின்றேன்.

"எங்க துணி எந்தெந்த நாட்டுக்காரனுக்கோ கட்டுப் போடுது. நம்ம சாமிக்குப் போடாதா சார்? செத்த நேரத்துல வாரேன்" என்றார்.

தறிக்காரப் பெண்களோடு வந்து, சாரத்தில் ஏறி அவரே சுற்றினார். ஒரு வாரம் ஊரே கட்டுப் போட்ட ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்தது. பிரித்தபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது என்னைப் பாராட்டினால், தறிக்கூடத்துக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.