உயிரோடிருந்தவன்மேல் விழுந்த ஒப்பாரி

ரஷ்யாவின் வடக்கே, பினேகா ஆற்றின் மேல்கரையில் சாவு விழுந்த வீட்டில் முதலில் வாயில் வரும் பெயர் மெலானியா. படகுக்காரன் சவ்வாத்தியின் நடு மகள். வாழ்க்கைப்பட்டது கொல்லன் வீட்டில், மூத்தவன் போர்ஃபிரிக்கு. அவளுடைய அத்தை ஒப்பாரிக்காரி, அத்தையைப் பெற்றவளும் ஒப்பாரிக்காரி. பிணத்தைக் குளிப்பாட்டி, சாமிப் படங்களுக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் கிடத்தியதும் மெலானியாவுக்கு ஆள் போகும். அவள் வந்து, தலைத்துணியின் நுனியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினால், அதுவரை கல்லாட்டம் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி பிள்ளைகள் உடைந்துவிடுவார்கள்.

அதற்கென்று அங்கே கட்டுப்பாடு உண்டு. பிணம் இல்லாமல் ஒப்பாரி வைக்கக் கூடாது. வைத்தால் அந்தப் பாட்டு தனக்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டு போகும். புதைத்து வருடக்கணக்கானவர்களுக்கும் கூடாது. கண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாவம், அவர்கள் ஈரத்தில் கிடப்பார்கள்.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து படம் எடுக்க ஆட்கள் வந்தது ஒரு கோடையில். ஜனங்களின் பக்தியைப் பற்றிய படம். நேர்ந்துகொண்டு துணி கட்டிய சிலுவைகள், நோய் தீர்க்கும் ஊற்று, முழங்காலிலேயே நடந்து கோவிலைச் சுற்றும் கிழவர்கள், எல்லாவற்றையும் எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி கிரா என்ற பெண். ஒல்லியாக, வெடவெடவென்று இருப்பாள்.

"மெலானியா அத்தை, ஒரே ஒரு ஒப்பாரி பாடுங்களேன்."

"யாரு செத்துட்டாங்கன்னு பாடச் சொல்ற?"

"உங்க அம்மாவை நினைச்சுக்கிட்டு..."

"அம்மா நிம்மதியாத் தூங்குறா. அவ படுக்கையை நான் ஏன் நனைக்கணும்?"

கிரா நச்சரிக்கவில்லை. ஊர்ப்பெண்களோடு புல் வார வந்தாள். கொசு கடித்துக் கண்ணே தெரியாமல் முகம் வீங்கிய பிறகும் வந்தாள். மெலானியாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவளைக் கையைப் பிடித்துக் காலி மாட்டுக்கொட்டில் வாசலுக்குக் கூட்டிப்போய், "இங்க நில்லு, பாடுறேன்" என்றாள்.

அந்தக் கொட்டிலில் இருந்த பசு பெஸ்த்ருகா, பனி உருகும் நேரத்தில் சேற்றில் மாட்டிச் செத்துப்போயிருந்தது. கூட்டுப் பண்ணையை மூடி, சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் போன காலத்தில் அந்த வீட்டைச் சாகாமல் வைத்தது அந்தப் பசுதான். அதற்காக ஊருக்குத் தெரியாமல் அவள் நெஞ்சுக்குள் ஒன்று கட்டிக்கிடந்தது. அன்றைக்கு அது வாய் வழியாக வந்துவிட்டது. மனிதருக்குச் சொல்லும் அதே மெட்டு, அதே சொற்கள். 'வயிறு காத்தவளே, வாசலில் உன் காலடி கேக்கலையே, விடிஞ்சும் உன் மூச்சுச் சூடு படலையே' என்று போயிற்று.

பாடி முடித்ததும் கிரா ஒலிப்பதிவை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருக்காகப் பாடினீங்க?" என்று கேட்டாள்.

மாட்டுக்கு என்று எப்படிச் சொல்வது? "வீட்டுல இருந்த ஒரு உசுருக்கு" என்று சொல்லிவிட்டு மெலானியா கதவைச் சாத்தினாள்.

ஆறு உறைந்து கிடந்த மாதத்தில் படத்தை ஊர் மன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வராதவர் இல்லை. "ஐயோ, உன் பின்பக்கம் மட்டும்தான் தெரியுது!" "அதுவே போதும், முகத்தைவிட அதுதான் லட்சணம்!" என்று ஒரே சிரிப்பு. படம் முழுக்க இசை. மணியோசை, கோவில் பாட்டு, அடியில் மெஷினிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற நீண்ட முழக்கம்.

பிறகு திரையில் போர்ஃபிரி வந்தான். கையில் இரண்டு வாளி. மூடுபனிக்குள் ஆற்றை நோக்கி நடக்கிறான். அவன்மேல் மெலானியாவின் குரல் எழுந்தது. "வயிறு காத்தவ..." என்றது. கடைசி எழுத்தை முழக்கம் விழுங்கிவிட்டது. 'காத்தவளே' என்றா, 'காத்தவனே' என்றா, யாருக்கும் விளங்கவில்லை. வாசலில் காலடி கேட்கவில்லை என்று குரல் அழுதது. போர்ஃபிரி வெளுத்து, கரைந்து, பனிக்குள் இல்லாமல் போனான்.

கிராவைக் குறை சொல்லி என்ன? அவள் வளர்ந்த இடத்தில் பாட்டு என்றால் பாட்டு. எந்த உருவத்தின் மேலும் எடுத்துப் போர்த்தலாம்.

பக்கத்து வீட்டு உஸ்தீன்யா சிலுவை போட்டுக்கொண்டாள். "உசுரோட இருக்குற மனுஷனுக்கா? பெண்டாட்டி வாயாலயேவா?"

மறுநாள் போர்ஃபிரி விறகைப் பிளந்து அடுக்கினான். வெந்நீரில் குளித்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டான். பிறகு சாமிப் படங்களுக்குக் கீழே, அந்தப் பெஞ்சில் போய்ப் படுத்தான்.

"அடுப்பு மேல, வழக்கமான கதகதப்பு மேடையில படு கிழவா. இங்க என்ன?"

"எப்படியும் இங்கதானே தூக்கிப் போடப்போறீங்க. உங்களுக்கு வேலை மிச்சம்."

"அது உனக்குப் பாடினது இல்ல."

"பின்ன யாருக்கு?"

மெலானியா அடுப்பைக் கிளறினாள். சாம்பலைத் தள்ளினாள். "பெஸ்த்ருகாவுக்கு" என்றாள்.

போர்ஃபிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "என்னைத் தேத்த இப்படி ஒரு பொய் வேணாம், மெலானியா. மனுஷனுக்குப் பாடுற வாயால மாட்டுக்குப் பாடுறவளா நீ? அந்தப் பாவம் உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை. சொன்னால் நம்புவதற்கும் ஆள் இல்லை. கிராவைக் கேட்கலாம் என்றால், அவளிடமும் மறைத்தாயிற்று. போர்ஃபிரி மீன் ரொட்டியைத் தொடவில்லை, தேநீரைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. அவன் அப்பனும் இப்படித்தான், போகிறேன் என்று சொல்லிப் படுத்தவன் போயே விட்டான். அந்த வம்சத்துக்கே சொன்னால் சொன்னதுதான்.

கடை வண்டி வரும் நாளன்று மெலானியா ஜன்னலின் சின்னக் கண்ணாடியைத் திறந்து வைத்தாள். வண்டி அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நிற்கும். வரிசையில் ஊர்ப்பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அவளும் போய் நின்றாள். சர்க்கரை கேட்கவில்லை, மாவு கேட்கவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க. படத்துல வந்த ஒப்பாரி நான் என் பசுவுக்கு வெச்சது."

வண்டிக்காரன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் அத்தனை பேரும். "என் சேவல் இழுத்துக்கிட்டுக் கிடக்கு மெலானியா, வந்து நாலு வரி பாடேன்!" என்றாள் ஒருத்தி. உஸ்தீன்யா மட்டும் சிரிக்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவளுடைய அம்மாவுக்கு ஒப்பாரி வைத்தது மெலானியாதான்.

"எங்கம்மாவுக்குப் பாடின வாய் இது. அதே வாயால மாட்டுக்கா?"

"ஆமா."

"புருஷனைக் காப்பாத்த இட்டுக்கட்டுற."

மெலானியா தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். நடுத்தெருவில், பனியில் நின்று, படத்தில் முழக்கம் விழுங்கிய வரியிலிருந்து எடுத்தாள். "வயிறு காத்தவளே! கொம்பு ரெண்டுல விடியலை ஏந்தி வந்தவளே! உன் மடிச் சூட்டுல என் விரல் பொழைச்சுதே!" எல்லா எழுத்தும் தெளிவாக விழுந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். உஸ்தீன்யாவின் முகம் இறுகிப்போனது.

"இனி எங்க வீட்டுப் படியை மிதிக்காதே" என்றாள்.

பாட்டு ஜன்னலுக்குள்ளும் போயிருந்தது. ஊரே கேட்க இப்படித் தன் தலையில் தானே சேற்றை வாரிப் போட்டுக்கொள்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று போர்ஃபிரிக்குப் பட்டிருக்க வேண்டும். கதவு திறந்தது. கம்பளிச் சப்பாத்து, புதுச் சட்டை, மேலே கோட்டுகூட இல்லை. வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டு போர்ஃபிரி நின்றான்.

"உஸ்தீன்யா! உன் பசங்க ரெண்டு பேரும் யாரு பாலைக் குடிச்சு வளர்ந்தானுங்க? படியை மிதிக்காதேன்னா சொல்ற? முதல்ல குடிச்ச பாலைக் கக்கச் சொல்லு!" அவனுக்கு இரைத்தது. மூச்சை வாங்கிக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். "இடது கொம்பு வளைஞ்சிருக்குமே. அதைப் பாடலையா நீ?"

"பாடினேன். அதையும் வெட்டிட்டாங்க."

"வெட்டுவானுங்க" என்றான். உள்ளே போய் அடுப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு சூப் கேட்டான்.

அதற்குப் பிறகு ஊரில் இரண்டு பேச்சு. சில வீடுகள் வழக்கம்போல அழைத்தன. சில வீடுகள் அழைக்கவில்லை. புல் அறுக்கும் சமயம் உஸ்தீன்யாவின் தம்பி இறந்தபோது, ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரிலிருந்து படகில் வேறொருத்தியைக் கூட்டிவந்தார்கள். மெலானியாவும் போர்ஃபிரியும் படியை மிதிக்காமல் முற்றத்திலேயே வேலியோரம் நின்றார்கள். வந்தவளுக்கு நல்ல குரல். ஆனால் செத்தவன் சூதாடுவான், சிரிக்கவைப்பான், குழந்தைகளுக்கு ஊதல் செதுக்கித் தருவான் என்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவான சொற்களைப் பாடினாள். ஊதல் என்ற சொல் மெலானியாவின் நாக்குவரை வந்து நின்றது. அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் போர்ஃபிரி கேட்டான். "என்னாலதானே? வருத்தமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் மெலானியா. இல்லை என்று சொல்வாள் என அவன் எதிர்பார்த்திருக்கலாம். முற்றத்துத் தூறலில் நனைந்து அவள் கையில் கனத்த கம்பளிப் போர்வையை அவன் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.